பானைக்குப் போட்ட காலர்

பால் ஏறியது. பானையின் கழுத்து வரை வந்து, கழுத்தையும் தாண்டி, நான் மாட்டியிருந்த தகரக் காலருக்குள் ஏறியது. தட்டும் கரண்டியுமாக நின்ற பெண்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். காம்பவுண்டில் குழந்தைகள்கூடத் தட்டைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

பிறகு பால் இறங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஏறியது, மறுபடியும் இறங்கியது. அடுப்பின் முன்னால் என் மருமகள் அஷ்வினி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது தலைப் பொங்கல். பால் வழிந்ததும் முதல் குரல் உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். பாவம், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பானையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால் செண்பகம் மைனி நின்றுகொண்டிருந்தாள். மைனி என் கணவரின் அக்கா. ஆண்டாப் ஹில்லிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். அவள் பானையைப் பார்க்கவில்லை, அஷ்வினி கட்டியிருந்த சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கறுப்புச் சேலை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். பானை ஏன் பொங்கவில்லை, பொங்கலன்று ஒரு புதுப்பெண் எதற்குக் கறுப்பு கட்டினாள், பானைக்குக் காலர் போடும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்றெல்லாம் சொல்லாமல் மேலே போனால் நீங்கள் என்னைத்தான் திட்டுவீர்கள்.

கோபம் வந்தால் கத்தரிக்கோல்

தொடரை இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பேச்சியம்மாள். தாராவியில் பிறந்து, தாராவியிலேயே கல்யாணமாகி, தாராவியிலேயே மாமியாரும் ஆனவள். பை தைக்கும் பட்டறை ஒன்றில் மாதிரி வெட்டுவது என் வேலை. முதலாளி போனில் ஏதாவது ஒரு பையின் படத்தைக் காட்டுவார். அதைப் பார்த்து நான் அட்டையில் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்க வேண்டும். தட்டையான அட்டையை எங்கே மடித்தால் உருண்டை வரும், எப்படி வளைத்து வெட்டினால் வாய் விரியும் என்பதெல்லாம் கைக்குப் பழகிவிட்டது.

பழகிய கை வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. அதிலும் கோபம் வந்துவிட்டால் போச்சு. மற்ற வீடுகளில் பாத்திரம் உருளும். எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் உருளும்.

ஒரு ஆடி மாத மழையில், என் மகன் கணேஷ் ஈர யூனிஃபார்மோடு பள்ளிக்கூடம் போனான். வாரக்கணக்கில் துணி காயவில்லை. அந்த ஆத்திரத்தில் கீழே துருப்பிடித்துக் கிடந்த பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றைத் தூக்கி வந்து, கம்பிகளைப் பிடுங்கிவிட்டு, ரிம்மை மட்டும் ஃபேனுக்குக் கீழே கயிறு கட்டித் தொங்கவிட்டேன். சுற்றிலும் கிளிப் மாட்டினேன். ஃபேன் காற்றில் ரிம் தானே மெல்லச் சுற்றும், துணியும் சுற்றிச் சுற்றிக் காயும். இன்று எங்கள் கட்டிடத்தில் பாதி வீடுகளில் அது தொங்குகிறது. என் வீட்டுக்காரர் மட்டும் இன்றுவரை அதைப் பாராட்டியதில்லை. அவர் நல்ல உயரம். எழுந்து நின்றால் யாருடைய ஈர சாக்ஸாவது அவர் மூக்கில் உரசும்.

இன்னொன்று பேனர் பை. தலைவர்களின் பிறந்தநாள் முடிந்ததும் பேனர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூரைக்குப் போட்டது போக மிஞ்சியதைக் கேட்டு வாங்கி மார்க்கெட் பையாகத் தைத்தேன். மீன் தண்ணீர் ஒரு பொட்டு ஒழுகாது. ஒரே சங்கடம், எப்படி வெட்டினாலும் ஒரு முகம் வந்து விழுந்துவிடும். ஒரு பையில் தலைவரின் மூக்கும் மீசையும் மட்டும் பெரிதாக வந்தன. என் வீட்டுக்காரர் கட்சிக்காரர். அந்தப் பையில் வஞ்சிரம் வாங்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மீசைக்கு மேல் ஒரு பாக்கெட் தைத்துக் கொடுத்த பிறகுதான் மார்க்கெட்டுக்குப் போனார்.

குப்பையை வைத்து இப்படி ஏதாவது செய்துகொண்டிருப்பதால்தான் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்னை எழுதச் சொன்னார். அதையெல்லாம் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதி வருகிறேன். இந்த வாரம் அந்தப் பெருமைக்கு விழுந்த அடி.

சிவப்புக் கல், சாம்பல் கல்

நாங்கள் பழைய சந்தில் இருந்தபோது பொங்கல் வைப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வாசலில் செங்கல்லை அடுக்கினால் அடுப்பு. சந்தே ஒரே புகையாக இருக்கும். யார் வீட்டுப் பானை பொங்கினாலும் எல்லோர் கண்ணிலும் தண்ணீர் வரும். தலைப் பொங்கல் காணும் மருமகள் இருந்தால் அவள் பானைக்குத்தான் முதல் மரியாதை. அது பொங்கிய பிறகே மற்றவர்கள் தங்கள் பானையில் பால் ஊற்றுவார்கள்.

பிறகு சந்தை இடித்துக் கட்டிடம் கட்டினார்கள். எங்களுக்கு ஏழாவது மாடி. காம்பவுண்டில் சிவப்பும் சாம்பலுமாக பேவர் பிளாக் பதித்தார்கள். எங்கள் கட்டிடச் சொசைட்டியின் செக்ரட்டரி தங்கப்பாண்டி அண்ணாச்சிக்கு அந்தக் கல்தான் உயிர். யாராவது வெற்றிலை துப்பினால் தானே குனிந்து பினாயில் போட்டுத் தேய்ப்பார். அவர் வீட்டு ஹால்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது என்று அவர் மனைவியே சொல்வாள்.

புதுக் கட்டிடத்தில் நாங்கள் வைத்த முதல் பொங்கலில் அந்தக் கற்களை நாசம் செய்துவிட்டோம். செங்கல் அடுப்பின் சூட்டில் சில கற்கள் வெடித்தன. வழிந்த பால் கல்லிடுக்கில் இறங்கிக் கருகியது. அந்தக் கறை கோடை வரை போகவில்லை. எறும்பும் போகவில்லை.

அடுத்த பொங்கலுக்கு முன்னால் கமிட்டிக் கூட்டம் போட்டார்கள். இனி கீழே அடுப்பு மூட்டக் கூடாது, அவரவர் வீட்டில் கேஸ் அடுப்பிலேயே பொங்கிக்கொள்ள வேண்டும் என்று அண்ணாச்சி சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பொங்கல் வைப்பது சூரியனுக்கு. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் தெரிவது பக்கத்துக் கட்டிடத்தின் கக்கூஸ் பைப். அதற்கா நான் கற்பூரம் காட்டுவது என்று கேட்டேன். பெண்கள் கைதட்டினார்கள். ஆண்கள் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் அந்த வருஷம் தலைப் பொங்கல் வேறு. நான் விடுவதாக இல்லை. அண்ணாச்சியும் விடவில்லை. கடைசியில் அவர் எழுந்து நின்று, தீ தரையைத் தொடக் கூடாது, கரி ஒட்டக் கூடாது, ஒரு சொட்டுப் பால் கீழே சிந்தக் கூடாது, சிந்தினால் அதுதான் கடைசிப் பொங்கல், இதற்கெல்லாம் சம்மதமா என்றார். அவ்வளவுதானே, செய்து காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்தேன்.

பஸ்ஸில் வந்த சிரட்டை

அடுப்பு சுலபமாக வந்தது. ஹோட்டல்களில் எண்ணெய் தீர்ந்த பெரிய தகர டின்கள் கிடைக்கும். மேல்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, முன்பக்கம் ஒரு வாசல் வைத்து, நடுவில் ஓட்டை போட்ட தகரத்தைத் தட்டாகச் செருகினேன். தீ மேலே, சாம்பல் கீழே. டின்னை மணல் பரப்பிய அகலமான தட்டில் நிறுத்தி, தட்டுக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்தேன். தீ தரையைத் தொடவில்லை. அண்ணாச்சியின் முதல் நிபந்தனை தீர்ந்தது.

விறகு போட்டால் புகையும் கரியும் வரும். அதற்கு மாட்டுங்கா கைகொடுத்தது. அங்கே இட்லி ஹோட்டல்களின் பின்வாசலில் விடிகாலையில் போய் நின்றால், சட்னிக்குத் துருவிய தேங்காய்ச் சிரட்டை மலைபோலக் கிடக்கும். குப்பை வண்டிக்குக் கொடுப்பதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். கல்லாவில் இருந்த பாலக்காட்டுக்காரர், இத்தனை சிரட்டையை வைத்து என்ன பண்ணப் போறேள் என்று விசாரித்தார். பொங்கல் அடுப்புக்கு என்றதும், தினமும் வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னதோடு ஒரு காபியும் கொடுத்தார். நுரை பொங்கும் காபி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சிரட்டை மூட்டையோடு பஸ் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். உள்ளே என்ன என்று மராத்தியில் கேட்டார். தேங்காய் என்றேன். மூட்டையைத் தூக்கிப் பார்த்தார், எடையே இல்லை. தேங்காய் எங்கே என்றார். ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து சட்னியாகச் சாப்பிட்டுவிட்டார்கள் என்றேன். பஸ்ஸே சிரித்தது, கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமலே போய்விட்டார்.

காய்ந்த சிரட்டை நின்று எரியும். முதலில் கொஞ்சம் புகைந்தாலும் பிறகு தணல் நெருப்புதான். இரண்டாவது நிபந்தனையும் தீர்ந்தது.

சொட்டுகூடச் சிந்தாது

மூன்றாவதுதான் தலைவலி. பால் சிந்தாமல் என்ன செய்வது? பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் யோசித்துக்கொண்டே அட்டைத் துண்டு ஒன்றை விசிறி மாதிரி வளைத்து வெட்டினேன். இரண்டு ஓரத்தையும் சேர்த்தால் புனல். கீழே சின்ன வாய், மேலே பெரிய வாய். அட, இதைப் பானையின் கழுத்தில் மாட்டினால்?

அதையே தகரத்தில் வெட்டினேன். பானைக் கழுத்தில் சுற்றிக் கம்பியால் முறுக்கி, இடுக்கில் கோதுமை மாவைப் பிசைந்து அப்பினேன். கீழே பானை, மேலே விரிந்த காலர். பால் பொங்கி மேலே வரும். அகலமான இடத்துக்கு வந்ததும் நுரை பரந்து, காற்றுப் பட்டு உடைந்து, பாலாகவே உள்ளே திரும்பிவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் இதே கதைதான். ஒரு லிட்டர் பால் வைத்து வீட்டில் சோதித்தேன். சொட்டு வெளியே வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். அவர் சாக்ஸை விலக்கிக்கொண்டு வந்து பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்றார். அவர் வாயில் அது பெரிய சர்டிஃபிகேட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டில் எல்லோருக்கும் செய்து காட்டினேன். அண்ணாச்சி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பால் ஏறியது, இறங்கியது. அவர் மண்டியிட்டு, அடுப்பைச் சுற்றிக் கல்லை விரலால் தடவினார். விரலை வெளிச்சத்தில் காட்டினார். சுத்தம். உடனே அங்கேயே அனுமதி கொடுத்தார். பெண்கள் எனக்குச் சால்வை போடாத குறை. படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் எல்லோருமாக உட்கார்ந்து வீட்டுக்கு ஒரு அடுப்பும் ஒரு காலரும் செய்தோம்.

இதில் என்ன அதிசயம் என்றால், அத்தனை பேரும் தமிழர்கள். பிறந்ததிலிருந்து வருஷம் தவறாமல் பொங்கல் கண்டவர்கள். பால் பொங்கி வழிய வேண்டும் என்பதற்காகவே ஒரு பண்டிகை வைத்திருப்பவர்கள். பால் வழியவே முடியாத ஒரு சாமானைச் செய்து, பார்த்து, கைதட்டி, படமும் எடுத்திருக்கிறோம். எல்லோரும் தரையைப் பார்த்தோமே தவிர, பானையை ஒருத்தரும் பார்க்கவில்லை.

தேவ்நாரிலிருந்து வந்த சேலை

அஷ்வினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மராத்திப் பெண், அவர்கள் பாஷையில் சொன்னால் என் 'சூன்', அதாவது மருமகள். தாதரில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லாத என் மகன் அடிக்கடி கண் பரிசோதனைக்குப் போனபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. பெண்ணைப் பார்த்த பிறகு சந்தேகம் போய்விட்டது, எனக்கும் பிடித்துவிட்டது. என்னைப் போலவே அவளுக்கும் உடைந்த சாமானைத் தூக்கிப் போட மனசு வராது. வந்த முதல் வாரத்திலேயே என் கண்ணாடிக்குக் கால் மாற்றிக் கொடுத்தாள்.

செண்பகம் மைனிக்குத்தான் ஏற்கவில்லை. கல்யாணத்துக்கு வந்தாள், சாப்பிட்டாள், மொய் எழுதினாள். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மராத்திக்காரிக்குப் பொங்கல் வைக்கத் தெரியுமா, தலைப் பொங்கல் வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மைனி சொன்னால் எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்துப் பலன் சொல்வதும் அவள்தான். கிழக்கே வழிந்தால் சுபகாரியம், வடக்கே வழிந்தால் கையில் காசு. ஊரிலிருந்துகூடப் போன் போட்டு அவளிடம் கேட்பார்கள். அவள் ஒரு மருமகளை ராசியில்லாதவள் என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண் கிழவியாகும் வரை அந்தப் பேச்சு போகாது. அப்படி ஒருத்தியை எனக்கே தெரியும்.

பொங்கலுக்கு முதல் நாள் அஷ்வினியின் அம்மா தேவ்நாரிலிருந்து எள்ளுருண்டையும், முதல் சங்கராந்திக்கு மகள் போட்டுக்கொள்ளச் சர்க்கரை மணி கோத்த மாலையும், ஒரு சேலையும் கொடுத்தனுப்பினார். சேலைப் பெட்டியைத் திறந்தவள் உடனே மூடிவிட்டேன். நல்ல கறுப்பு, வெள்ளைச் சரிகை. அவர்கள் வழக்கத்தில் கல்யாணமான முதல் சங்கராந்திக்குப் பிறந்த வீட்டார் கறுப்புச் சேலை எடுத்துக் கொடுப்பார்கள், மகள் அதைத்தான் கட்ட வேண்டும். குளிர் மாதத்தில் கறுப்பு உடம்புக்குச் சூடு தரும் என்று அஷ்வினி விளக்கினாள். அவளுக்கு எங்கள் வழக்கம் தெரியும். நல்ல நாளில் நாங்கள் கறுப்புப் பொட்டுகூட வைப்பதில்லை. சேலையை மடியில் வைத்துக்கொண்டு, வேண்டாமென்றால் வேறு கட்டுகிறேன் என்றாள். சரிகையை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. நமக்குத் தலைப் பொங்கல் என்றால் அவளுக்குத் தலைச் சங்கராந்தி. ஒரே சூரியன், ஒரே நாள். கட்டிக்கோ, யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். மைனி முகம் கண்முன் வந்தது. பால் நல்லபடியாகக் கிழக்கே வழிந்துவிட்டால் மைனியும் வாயை மூடிக்கொள்வாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

காலருக்குள் பால்

அப்படித்தான் அந்தக் காலை வந்தது. பால் மூன்றாவது தடவையாக ஏறி இறங்கியபோதுதான் என் மண்டையில் உறைத்தது. ஐயோ, இது பொங்கப் போவதே இல்லை. பொங்காமல் இருக்கத்தானே நான் பாடுபட்டேன்!

சுற்றிலும் மற்றவர்களின் அடுப்புகளில் சிரட்டை கனன்றுகொண்டிருந்தது. தலைப் பொங்கல் பானைக்காக எல்லோரும் பாலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். யாரோ தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்போது மைனி வாயைத் திறந்தாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"கறுப்புச் சீலை கட்டிட்டு அடுப்பு முன்னால உக்காந்தா, பால் எப்படிட்டி பொங்கும்?"

அஷ்வினிக்கு முழுதாகப் புரிந்திருக்காது. கறுப்பு என்ற சொல் புரிந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தலையைக் குனிந்தாள். மாலையாகப் போட்டிருந்த சர்க்கரை மணிகள் அவள் கழுத்தில் நடுங்கின. கணேஷ் ஒரு அடி முன்னால் வந்தான். நான் அவனைக் கையால் தடுத்தேன்.

"மைனி, அவளச் சொல்லாதிய. பால் பொங்காததுக்கு நான் செஞ்ச தகரந்தான் காரணம். இந்தா, கழட்டுதேன் பாருங்க" என்று இடுக்கியை எடுத்தேன்.

தங்கப்பாண்டி அண்ணாச்சி குறுக்கே வந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. காலரைக் கழற்றினால் பால் தரையில் கொட்டும், கொட்டினால் அடுத்த வருஷம் யாருக்கும் கீழே பொங்கல் கிடையாது, நீங்கள் சம்மதித்ததுதானே என்று நிதானமாகக் கேட்டார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். கட்டிடத்தின் பெண்கள் அத்தனை பேரும் பால் செம்போடு நிற்கிறார்கள். என் மருமகளைக் காப்பாற்ற எல்லோருடைய பொங்கலையும் கொட்டுவதா? எல்லோருடைய பொங்கலையும் காப்பாற்ற இவளை ராசியில்லாதவளாக விட்டுவிடுவதா? இடுக்கியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஆயுசில் முதல் தடவையாக, கோபம் இருந்தது, கைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அஷ்வினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தே, உல்ட்டா போடுங்க. சத்ரி மாதிரி."

தலைகீழாக, குடை மாதிரி என்று சொன்னதோடு நிற்காமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்துக் காட்டினாள். காற்றடித்துத் திரும்பிய குடை மாதிரி கைகளை மேலே தூக்கினாள், பிறகு நல்ல குடை மாதிரி கீழே இறக்கினாள். திரும்பிய குடையில் தண்ணீர் தேங்கும். நேரான குடையில் ஓரம் வழியாக ஓடிவிடும். மும்பை மழையில் இது தெரியாதவர் யார்?

என் தலைக்குப் புரிவதற்கு முன்னால் கைக்குப் புரிந்துவிட்டது. பால் இறங்கிய சமயம் பார்த்து, துணியால் பிடித்துக் கம்பியை அவிழ்த்தேன். மாவு உதிர்ந்தது. சூட்டில் விரல் பொத்துப்போனது, அது பிறகுதான் தெரிந்தது. காலரைத் தலைகீழாகத் திருப்பி அதே கழுத்தில் சுற்றினேன். சின்ன வாய் மேலே, பெரிய வாய் கீழே. மாவு வேண்டியிருக்கவில்லை. பானையின் தோளில் பாவாடை மாதிரி தானாகவே உட்கார்ந்துகொண்டது. அதன் ஓரம் டின்னைத் தாண்டி, மணல் தட்டுக்கு நேர் மேலே நின்றது. பால் வழிந்தாலும் தீயில் விழாது, கல்லிலும் விழாது, மணலில்தான் விழும். இவ்வளவு நாள் நான் அதைத் தலைகீழாகத்தான் மாட்டியிருக்கிறேன்!

கணேஷ் கைநிறையச் சிரட்டையை உள்ளே தள்ளினான். குப்பென்று தீ எழுந்தது. பால் ஏறியது. கழுத்தைத் தாண்டியது. வாய் விளிம்பில் ஒரு நொடி வெள்ளையாக உப்பி நின்றது.

பிறகு வழிந்தது. அடேயப்பா, அப்படி ஒரு வழியலை நான் பழைய சந்தில்கூடப் பார்த்ததில்லை. தகரப் பாவாடை முழுக்கப் பால் ஓடி, சுற்றிலும் மணலில் சொரிந்தது. தீ அணையவே இல்லை. அஷ்வினி எழுந்து நின்று, தொண்டை கிழிய, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினாள். பொ எல்லாம் போ என்றே வந்தது. யார் கவலைப்பட்டார்கள்! தட்டுகள் அதிர்ந்தன. பெண்கள் தங்கள் தங்கள் காலரைத் திருப்ப ஓடினார்கள். மேல் மாடிகளில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

நான் மைனியின் பக்கத்தில் போய், எந்தப் பக்கம் வழிந்தது, பலன் சொல்லுங்கள் என்றேன். கொஞ்சம் வீம்பாகத்தான் கேட்டேன். மைனி பானையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இன்னொரு சுற்றும் வந்தாள். கிழக்கு, மேற்கு என்று பிரிக்க முடியாமல் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் வழிந்திருந்தது. இப்படி ஒரு பால் வழிந்து அவள் பார்த்ததே கிடையாது. அரிசியைக் களைந்து எடுத்து வந்து அஷ்வினியின் கையில் கொடுத்து, போடு என்று ஜாடை காட்டினாள்.

அண்ணாச்சி அதற்குள் தன் வேலையில் இறங்கிவிட்டார். மண்டியிட்டுக் கல் கல்லாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். காலரைக் கழற்றித் திருப்பும்போது அதில் ஒட்டியிருந்த பால் ஒரு சிவப்புக் கல்லில் சிந்தியிருந்தது. எல்லாம் கூடி வந்த பிறகு, என் கையாலேயே அந்தச் சொட்டு. அவர் தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்துக் குனிந்தார்.

மைனி அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"விடுங்க அண்ணாச்சி. அது எங்க வீட்டு மருமக பொங்க வச்ச பாலு. அதத் தொடைக்காதிய."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். துணியை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு, அந்தச் சொட்டைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த கல்லுக்கு நகர்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. என் அடுப்பில்தான் புகையே இல்லையே.

அஷ்வினி அரிசிக் கையோடு திகைத்து நின்றாள். மைனியின் வேகத் தமிழ் அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் ஏதோ தப்பாகிவிட்டது என்று பயந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்வதற்கு வாயெடுத்தேன். மைனி முந்திக்கொண்டாள். அந்தக் கறுப்பு முந்தானையைத் தன் கையாலேயே சரிசெய்துவிட்டு, மார்க்கெட்டில் மீன்காரியிடம் பேரம் பேசும் அதே உரத்த மராத்தியில், அண்ணாச்சியிடம் சொன்னதையே காம்பவுண்டு முழுவதும் கேட்க அவளிடம் சொன்னாள்:

"தூ ஆம்ச்சீ சூன்."